அரை மாத்திரை

சாயங்காலம் விளக்கு வைத்ததும் மாசானத்துக்கு டப்பாச் சத்தம் கேட்டாக வேண்டும். சொர்ணம்மாள் அலமாரிப் பூட்டைத் திறந்து, ஓரம் துருப்பிடித்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில் நின்று ஆட்டுவாள். உள்ளே மார்ஃபின் மாத்திரை அட்டைகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். போதும் என்று தோன்றியதும் "இருக்கட்டும்" என்பார். அவள் நிறுத்திவிட்டு டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

புற்று அவருடைய இடுப்பெலும்புக்கு இறங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே மளிகைக் கடை, மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. கடையை மூடியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி நாலு பேர் மேலே ஏற்றினார்கள். அவர் போட்ட கூச்சலில் சந்தே வெளியே வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. இனி இறங்கும்போது நாற்காலி தேவைப்படாது என்பது சந்துக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

மாத்திரை தருவது செம்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் வலி வைத்தியப் பிரிவு. அங்கே டாக்டர் பத்மஜா என்று மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண். நல்லவள், பயந்தவள். முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டாள். இது கண்ட கடையில் கிடைக்கிற மருந்து இல்லை. போதைக்காகத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் ஒருவர் பொறுப்பில்தான் தருவோம். அவரே வாங்க வேண்டும், அவரே பூட்டிவைக்க வேண்டும், அவர் கையால்தான் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். மகன் முத்துசெல்வம் கோபர்கைரனேயில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வந்து, ஆப்பிளை வைத்துவிட்டுப் போகிறவன். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அம்மா பேரிலேயே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வீட்டில் ஒரு சாவி சொர்ணம்மாளின் இடுப்புக்கு வந்தது அப்போதுதான்.

அதுவரை எல்லாச் சாவியும் மாசானத்தின் அரைஞாணில்தான் தொங்கின. கீழே மூட்டை மூட்டையாகச் சீனி கிடக்கும். மேலே காப்பிக்குச் சீனி வேண்டுமென்றால் அவள் ஏணியில் இறங்கி, வாடிக்கைக்காரர்களுக்குப் பின்னால் முறைவைத்து நின்று கேட்க வேண்டும். கேட்டதில் பாதியை அளந்து போடுவார். "டப்பா அடி தெரியக் கூடாதுட்டி" என்பார். கடையில் எந்த டப்பாவும் அடி தெரியக் காலியானதில்லை. காலியாக விட்டால் கடையை விட்டு லட்சுமி போய்விடுவாளாம். மேலே ஒருத்தி பாதிச் சீனியில் காப்பி குடித்துக்கொண்டிருந்ததைப் பற்றி லட்சுமிக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

அதையெல்லாம்கூட அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது வேறு. அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கென்று கொடுத்த மாத்திரைகளை மாசானம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேளைக்குப் பாதி உடைத்துக் கொடுத்தார். "பொம்பளைக்கு அரையே போதும்" என்றார். மிச்சம்? கடையில் காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரையெல்லாம் அட்டையிலிருந்து கத்தரித்து உதிரியாக விற்பார். அதற்கென்று ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். அவளுடைய மாத்திரையும் அதற்குள் போயிற்று. அவள் மேலே தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கீழே எவனோ ஒரு லாரிக்காரன் பல்வலிக்கென்று அவளுடைய மாத்திரையை வாங்கி, கடைத் தண்ணீரையே குடித்து விழுங்கிவிட்டுப் போனான்.

அந்த டப்பாதான் இந்த டப்பா.

ஆனாலும் முதல் சில வாரம் அவள் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். டாக்டர் சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி முழு மாத்திரை. வலி அடங்கியது. வலி அடங்கியதும் பழைய மாசானம் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு மத்தியானம் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சீனி எம்புட்டுட்டி போட்ட? கடைய மூடுனதும் கை நீண்டுட்டுதோ?"

அவள் டம்ளரை எடுத்துக் கழுவினாள். அடுத்த வேளை மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து நறுக்கினாள். ஒரு பாதியை அவருக்குக் கொண்டுபோனாள், மறுபாதியை அதற்கடுத்த வேளைக்கு எடுத்துவைத்தாள்.

அவர் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். திட்டட்டும், கெஞ்சட்டும், எதுவானாலும் பதில் தயாராக இருந்தது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். மிச்சம் பிடிக்கிறாயா, நல்லதுதான், கடைசியில் வலி கூடும்போது வேண்டியிருக்கும் என்றார். அரையை வாங்கி விழுங்கினார். சொர்ணம்மாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தை அவர் சரக்கு இறக்குகிற மாதிரி வாங்கிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் உடம்பு கணக்குப் பார்க்காது. இரண்டு மூன்று நாளில் வலி திரும்பி வந்தது. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடிக்கத் தொடங்கினார். அப்புறம் ஒரு நாள் அவள் எதிர்பார்த்தது வந்தது.

"முழுசாக் குடேன்ட்டி."

"டப்பா அடி தெரியக் கூடாதுல்லா" என்றாள் சொர்ணம்மாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு நன்றாக இருந்தது. அன்றைக்குக் காப்பியில் சீனியை அள்ளிப் போட்டு, அவர் பார்க்கும்படி உட்கார்ந்து குடித்தாள். அவரை ஒரேயடியாக வதைத்துவிட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கேட்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடைசிக் கட்டம் வந்ததும் டப்பாவைத் திறந்து தாராளமாகக் கொடுத்து நிம்மதியாக அனுப்பிவைப்பதாகத்தான் அவள் திட்டம். அதை அவரிடம் சொல்லியும் இருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் கிடந்தார். டப்பாவை ஆட்டிக் காட்டச் சொன்னதும் அவர்தான். இருப்பு இருக்கிறது என்று காதால் கேட்டுவிட்டால் ராத்திரியைக் கடத்திவிடலாம் என்றார். பக்கத்து வீட்டு விஜயராணி இதைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் யார் இப்படிப் புருஷனைத் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொள்கிறார்கள் என்று சந்தெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சர்க்கார் விதியை இறுக்கியது. எங்கேயோ எவனோ இந்த மாத்திரைகளைக் கள்ளத்தனமாக விற்றுப் பிடிபட்டிருக்கிறான். உடனே எழுதித் தருகிற டாக்டர்களின் கழுத்தில் கயிறு. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டு இந்தியில் சொன்னாள்: அடுத்த முறை வரும்போது காலி அட்டைகளையும், வீட்டில் மிச்சமிருக்கிற மாத்திரைகளையும் ஒன்றுவிடாமல் கொண்டுவர வேண்டும், இருப்புப் பார்த்த பிறகுதான் புது மருந்து.

வேறு யாராவது இருந்தால் மிச்சத்தை வீட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சொர்ணம்மாள் மளிகைக் கடைக்காரர் பெண்டாட்டி. வருஷா வருஷம் கடையில் இருப்புப் பார்ப்பதைப் பார்த்தவள். சரக்கு குறைந்தால்தான் கடைப்பையனுக்கு அடி விழும். கூடுதலாக இருந்தால் மாசானம் சிரிப்பார், அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். ஆகவே அவள் நினைத்தாள், விற்றவர்களிடம் குறையும், என்னிடம் ஒன்றுகூடக் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது, டாக்டரம்மா மெச்சுவாள் என்று. பிரிக்காத அட்டைகளை அடுக்கி, டப்பாவோடு துணிப்பையில் போட்டு, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு, சயானில் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனாள்.

பத்மஜா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். அங்கே ஒருவர் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். புது விதிக்காக வந்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் அட்டைகளை எடுத்து எண்ணினார்.

"இவ்வளவு எப்படி மிஞ்சித்து? பாதிதான் சாப்பிடறாரா?" என்று கேட்டாள் பத்மஜா.

சொர்ணம்மாள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்போதும் அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது.

டாக்டர் மெதுவாக விளக்கினாள். பாதியிலேயே வலி அடங்குகிறது என்றால் நல்ல விஷயம், பாதிதான் எழுத வேண்டும், அதற்கு மேல் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. மிச்சமிருப்பதை இங்கேயே வாங்கிக்கொள்வோம். வலி அடங்கவில்லை, ஆனால் மாத்திரை மட்டும் மிஞ்சுகிறது என்றால் அது வேறு சங்கதி. மருந்து நோயாளிக்குப் போகவில்லை என்று நான் மேலே எழுத வேண்டும். உங்களைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்வார்கள், விசாரணைக்கும் வரலாம். சொல்லிவிட்டு நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"அவருக்கு வலி இருக்கா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்கோ."

சொர்ணம்மாள் யோசித்தாள். போலீஸ் ஏணியில் ஏறி வருவது தெரிந்தது. சந்து வெளியே வந்து நிற்பது தெரிந்தது. எல்லாவற்றையும்விடத் தெளிவாக, இடுப்பில் இருந்த சாவி வேறு ஒருவர் இடுப்புக்குப் போவது தெரிந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? மருமகள் உமாமகேஸ்வரி வருவாள். வந்தால் அவர் முதலில் அவளிடம் சொல்லப்போவது இந்த அரை மாத்திரைக் கதையைத்தான்.

"வலியே இல்ல டாக்டரம்மா. சௌரியமா இருக்காவ" என்றாள்.

கம்ப்யூட்டர்காரர் தட்டினார். பத்மஜா கையெழுத்துப் போட்டாள். இரண்டு வாரத்துக்கென்று பாதி அளவில் மாத்திரை வந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் திருடனை நினைத்து எழுதினார்கள். அரை மாத்திரைக்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசிக்கென்று இருந்தது போய்விட்டது. சயானில் இறங்கி ஒரு மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை அட்டைகள் வாங்கி டப்பாவை நிரப்பினாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல ஆட்டினாள். மாசானம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். பிறகு, "இருக்கட்டும்" என்றார்.

அன்றோடு அவளுடைய விளையாட்டு முடிந்தது. பாக்குவெட்டியை எடுத்துப் பரணில் போட்டாள். அடுத்த வேளையிலிருந்து முழு மாத்திரை கொடுத்தாள். அவர் ஏனென்று கேட்கவில்லை, விழுங்கினார். ஆனால் அதற்குள் புற்றும் சும்மா இருக்கவில்லை. முன்பு முழு மாத்திரை அடக்கிய வலி இப்போது முழு மாத்திரைக்கு அடங்கவில்லை. கேட்டபோதெல்லாம் இன்னொன்று கொடுத்தாள். கேட்க வைக்க வேண்டும் என்றிருந்தவளுக்கு இப்போது அவர் கேட்பதைக் காதால் கேட்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்குக் கொடுத்தது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் கடைசி அட்டையும் தீர்ந்துபோயிற்று.

மத்தியானம் அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

"கடைசி வந்துட்டுட்டி. டப்பாவ எடு."

இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் ஏணியில் இறங்கினாள். பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்துச் செம்பூருக்கு ஓடினாள்.

பத்மஜாவின் அறையில் கம்ப்யூட்டர்காரர் இல்லை. அதுவே ஒரு தைரியமாக இருந்தது. சொர்ணம்மாள் எதையும் மறைக்கவில்லை. அரை அரையாகக் கொடுத்ததையும், ஏன் கொடுத்தேன் என்பதையும், அன்றைக்குப் பொய் சொன்னதையும், இப்போது எல்லாம் தீர்ந்துபோனதையும் அழாமல் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரின் முகத்தில் முதலில் இரக்கம் வந்தது. பிறகு அதன்மேல் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அன்னிக்கு நிறைய மிஞ்சித்து, வலியே இல்லைன்னேள். இன்னிக்கு நாள் வரதுக்கு முன்னாடியே தீர்ந்துபோச்சு, வலி தாங்கலைங்கறேள். நான் நம்பறேன். ஆனா மேல இருக்கறவா நம்புவாளா? வித்துட்டேள்னுதான் சொல்லுவா."

ஆண்டாப் ஹில்லில் தன்னோடு படித்த ஒரு டாக்டரை இதே மாதிரி ஒரு விவகாரத்தில் எழுதவே கூடாது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள் என்றாள். அவரிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் அத்தனை பேரும் இப்போது இவள் வாசலில் நிற்கிறார்கள். இவளும் போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒரே வழிதான் இருக்கிறது, அவரை இங்கே கொண்டுவாருங்கள், கண்ணால் பார்த்துவிட்டு அந்த நிமிஷமே எழுதித் தருகிறேன். முடியாதென்றால் வீட்டுக்கே வந்து பார்க்க நர்ஸை அனுப்புகிறேன், அவளுக்கு முறை வருவது வியாழக்கிழமை.

சொர்ணம்மாள் ஏணியை நினைத்துப் பார்த்தாள். நாற்காலியை, கயிற்றை, நாலு பேரை, அந்தக் கூச்சலை நினைத்துப் பார்த்தாள். ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத உடம்பை அப்படிக் கட்டி இறக்கினால் கீழே வந்து சேர்வது மாசானமாக இருக்காது.

"வியாழக்கெழம வரச் சொல்லுங்க" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விஜயராணி ஏணிக்கடியில் நின்று, எங்கே போய்விட்டீர்கள், அண்ணாச்சி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார் என்றாள். மேலே போனாள். துண்டு ஒரு பக்கம் கிழிந்திருந்தது. உதட்டோரத்தில் ரத்தம். அவர் அவளைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார். சொர்ணம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"அதுல காய்ச்சல் மாத்திரைலா கெடக்கு" என்றார் மாசானம்.

அவள் கை இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

"மொத நாளே தெரியும். அட்டை பெருசு, சத்தம் வேற. வாழ்நாளெல்லாம் வித்தவனுக்குத் தெரியாதா?"

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கூடுதல் இருப்பைக் கொண்டுபோய்க் காட்டியதை, வலி இல்லை என்று சொன்னதை, வியாழக்கிழமையை. வலி ஏறும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். இறங்கியதும் மேலே சொல் என்று சைகை காட்டுவார். முழுவதையும் கேட்டார். கூடுதலைக் காட்டினாய் என்ற இடத்தில் மட்டும் வாய் கோணிக்கொண்டு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அந்த இடத்தில் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

பிறகு கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ஏட்டி, அன்னைக்கு, வயித்தக் கிழிச்சுட்டு வந்தியே. அரை உனக்குப் போதாமயா இருந்துச்சு?"

மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது. எப்போதோ உதைத்த ஒரு கணக்கை இப்போது சரிபார்க்கிற குரல். அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"போதல" என்றாள்.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேன்" என்றாள் சொர்ணம்மாள். "மேல கெடந்து கத்துனேன். நீங்க கடை ரேடியோவக் கூட்டி வச்சிய."

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் வலி வந்துவிட்டது. அது போவதற்குள் தெரு விளக்கெல்லாம் எரிந்துவிட்டது. கீழே சந்தில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆட்டு" என்றார்.

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் வந்து நின்று ஆட்டத் தொடங்கினாள். மாசானம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இருக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை, அதனால் அவளும் நிறுத்தவில்லை.